காவிரிக்கரைக் கொலைக்கு ஒரு நாவல்

1752ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஸ்ரீரங்கம் கோயிலின் மதில்களுக்குள் தன் படையோடு அடைபட்டுக் கிடந்த சந்தா சாகிப் ஓர் இரவில் அங்கிருந்து வெளியேறினார். அவர் போனது தஞ்சாவூர்ப் படைத்தலைவர் மானோஜியின் பாசறைக்கு. பத்திரமாகக் காரைக்காலுக்கு அனுப்பி வைப்பதாக மானோஜி தன் உடைவாளின் மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தார் என்கிறது ராபர்ட் ஆர்ம் எழுதிய போர் வரலாறு. பாசறைக்குள் கால் வைத்ததும் கிடைத்தது விலங்கு. ஓரிரு நாளில், நோயுற்றுத் தரையில் கிடந்த அந்த முதியவரின் தலையை மானோஜியின் ஆள் ஒருவன் வெட்டினான். தலை திருச்சிக் கோட்டைக்குள் இருந்த முகமது அலியிடம் போயிற்று. நவாப் பட்டத்துக்காகத் தன்னோடு மூன்று ஆண்டுகள் போரிட்ட மனிதரின் முகத்தை முகமது அலி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாராம். பிறகு அந்தத் தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டிக் கோட்டை மதிலை ஐந்து முறை வலம்வரச் செய்தார்கள். கொலை நடந்த தேதியில்கூட ஒற்றுமை இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் நாட்காட்டி 11 நாள் முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

வெட்டிய கை யாருடையது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. வெட்டச் சொன்ன வாய் யாருடையது என்பதுதான் 270 ஆண்டுகளாகத் தீராத கேள்வி. அரசியல் கொலை எல்லாவற்றிலும் இந்தப் பிளவு உண்டு. செயலுக்குச் சாட்சி இருக்கும், எண்ணத்துக்கு இருக்காது. கட்டளை காதோடு காதாகப் போயிருக்கலாம். கட்டளையே இல்லாமல், மேலிடத்து விருப்பத்தை ஊகித்து ஒருவர் முந்திக்கொண்டிருக்கலாம். தடுக்கக்கூடியவர் தடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். ஆவணங்களில் இந்த இடம் வெறுமையாகவே இருக்கும். ஆனால் வெறுமையாக விட்டுவிட மனிதர்களால் முடிவதில்லை. யாராவது ஏதாவது கற்பனையால் அதை நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கற்பனையை ஒளிக்காமல், ‘இது கற்பனை’ என்று அட்டையிலேயே சொல்லிக்கொண்டு வருவது நாவல் ஒன்றுதான். அதனால்தான் அரசியல் கொலைகளைப் பற்றிய நாவல்களை வரலாற்றுக்கு நேர்ந்த கேடாகப் பார்ப்பது தவறு என்று நினைக்கிறேன். அவை வரலாற்றுக்குத் தேவையான துணை. திருச்சியின் இந்தக் கொலைக்கு அப்படி ஒரு துணை இன்னும் சரியாக வாய்க்கவில்லை.

யார் யாருக்கு என்ன காரணம் இருந்தது என்று பார்த்தால் ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கிறது. முதலில் முகமது அலி. 1749இல் ஆம்பூர்ப் போரில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து அவருடைய தந்தை அன்வருத்தீன் கானைக் கொன்றார்கள். மகன் தப்பி ஓடித் திருச்சியில் அடைக்கலம் புகுந்தார். சந்தா சாகிப் உயிரோடு இருக்கும்வரை ஆற்காட்டுப் பட்டம் அவருக்கு உறுதியில்லை. அடுத்து மைசூர். தளவாய் நஞ்சராஜர் பெரும் படையோடும் பணத்தோடும் வந்து முகமது அலிக்கு உதவியது சும்மா அல்ல. வெற்றிக்குப் பிறகு திருச்சிக் கோட்டையையே மைசூருக்குத் தருவதாக ரகசிய ஒப்பந்தம் இருந்தது. சந்தா சாகிப் கையில் கிடைத்தால், வாக்குத் தவறும் நவாபை மிரட்ட அதைவிட நல்ல பிணை வேறில்லை. முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படைக்கோ, பெரும் மீட்புத்தொகை பெறக்கூடிய கைதி அவர். 1741இல் திருச்சியைப் பிடித்து அவரைச் சாதாராவுக்குச் சிறைகொண்டு போனவர்களும் மராட்டியர்களே.

தஞ்சாவூரின் கணக்கு இன்னும் பழையது. 1739இல் தஞ்சை அரசுக்குரிய காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் சந்தா சாகிப். 1749இன் இறுதியில் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டு, மன்னர் பிரதாப சிம்மரிடம் 70 லட்சம் ரூபாய்க்கு வாக்குறுதி எழுதி வாங்கியவரும் அவரே. தான் பிறருக்குப் பெற்றுத் தந்த அதே காரைக்காலுக்குப் போய்ச் சேரத்தான் அவர் கடைசியில் தஞ்சைத் தளபதியின் சத்தியத்தை நம்பினார். கடைசியாக ஆங்கிலேயர். மேஜர் லாரன்ஸும் கிளைவும் ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி வளைத்திருந்தார்கள். திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலில் இருந்த பிரெஞ்சுத் தளபதி லா சரணடையும் நிலைக்கு வந்துவிட்டார். கைதியை யார் வைத்துக்கொள்வது என்று கூட்டாளிகள் கூடிப் பேசியபோது லாரன்ஸும் அங்கே இருந்தார். ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்ததாகவும், மற்றவர்கள் ஏற்காமல் பேச்சு முறிந்ததாகவும் ஆங்கிலேயர் தரப்பு சொல்கிறது. அது முறிந்த பின் விரைவிலேயே கைதியின் உயிர் போயிற்று.

இந்த இடத்தில்தான் வரலாறுகள் தனித்தனி வழியில் பிரிகின்றன. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே குற்றத்தை நேராக லாரன்ஸ் மேல் சுமத்தினார். ஆர்ம் ஆங்கிலப் படையின் பெருமையை எழுத வந்தவர். அவர் நூலில் பழி மானோஜியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நான்கு தரப்பும் கைதிக்காகச் சண்டையிட்டதால், சண்டையின் காரணத்தையே ஒழித்துவிட மானோஜி முடிவு செய்தார் என்பது அந்தக் கதையின் தர்க்கம். 1840இல் கிளைவைப் பற்றிக் கட்டுரை எழுதிய மெக்காலே, முகமது அலி தூண்டியிருக்கலாம் என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அதற்கு ஒரு தலைமுறை கழித்து எழுதிய மல்லேசன், தானும் ஆங்கிலேயராக இருந்தும், லாரன்ஸ் மனம் வைத்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும் என்று வாதிட்டார். இவர்கள் யாரும் புதிய சாட்சி எதையும் கொண்டுவரவில்லை. கையில் இருந்த அதே சில தகவல்களை வைத்துக்கொண்டு, தத்தம் காலத்துக்கும் கட்சிக்கும் ஏற்ற ஒரு சூத்திரதாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் புனைவு என்று அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு மனிதரின் மனதுக்குள் போய், அங்கே இன்ன எண்ணம் இருந்தது என்று எழுதுவதற்கு வேறு என்ன பெயர்? தலை பிறகு என்ன ஆயிற்று என்பதிலேயே கதை தொடங்கிவிடுகிறது. டெல்லிப் பாதுஷாவுக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பெட்டியில் பத்திரமாக வைத்துக் குதிரைவீரர்களோடு அனுப்பினார்கள், ஆனால் அது கர்நாடகத்து எல்லையைத் தாண்டவே இல்லை என்கிறார் ஆர்ம்.

படித்தவர்கள் இப்படிச் செய்தார்கள் என்றால், மக்கள் இன்னும் துணிந்து செய்தார்கள். சந்தா சாகிபின் பெயர் திருச்சியில் எப்போதும் ராணி மீனாட்சியின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும். 1732 வாக்கில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆண்வாரிசின்றி இறந்தபின் பட்டத்துக்கு வந்தவர் மீனாட்சி. உறவினரான பங்காரு திருமலை உரிமை கொண்டாட, ஆற்காட்டுப் படை வந்து நுழைந்தது. மீனாட்சியிடம் ஒரு கோடி ரூபாய் பேசி, குர்ஆன் மேல் சத்தியம் செய்து கொடுத்தார் சந்தா சாகிப். பளபளக்கும் துணிக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, ஒரு செங்கல் என்பது நாம் எல்லாரும் கேட்ட கதை. நம்பிய ராணி சிறைப்பட்டார், நஞ்சுண்டு இறந்தார். பிற்கால எழுத்துகளில் இதோடு இன்னொரு செய்தியும் ஒட்டிக்கொண்டது: அந்தப் பொய்ச் சத்தியம் நடந்த தளவாய் மண்டபத்திலேயே, 16 ஆண்டுகள் கழித்து, பொய்ச் சத்தியத்தால் ஏமாந்து, சந்தா சாகிப் வெட்டுண்டார் என்று. மண்டபப் பொருத்தத்தை நிரூபிக்கச் சமகாலச் சாட்சி வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பொருத்தம் ஏன் அவ்வளவு எளிதாக நம்பப்பட்டது என்பது. சிலப்பதிகாரம் படித்து வளர்ந்த மண்ணில், வினை திரும்பி வந்து சேராத கொலை முடிவில்லாத கதையாகத் தோன்றும். நவாபும் தளவாயும் மேஜரும் சேர்ந்து குழப்பிய ஒரு சதிக்கு மக்கள் அறத்தையே சூத்திரதாரி ஆக்கினார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. கிழக்குப் பக்கம் நிற்கும் வெள்ளைக் கோபுரத்தின் பெயருக்குச் சொல்லப்படும் காரணமே ஓர் அரசியல் கொலைதான். 1323இல் டெல்லிப் படை கோயிலைச் சூறையாடியபோது, வெள்ளையம்மாள் என்ற தேவதாசி படைத்தலைவனை மயக்கிக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போய்க் கீழே தள்ளினாள், தானும் குதித்து உயிரைவிட்டாள் என்பது வழிவழியாக வரும் கதை. அந்தப் படையெடுப்பின்போது உற்சவ மூர்த்தி ஊர் ஊராக மறைத்து எடுத்துச் செல்லப்பட்டதை ஸ்ரீவேணுகோபாலன் ‘திருவரங்கன் உலா’ என்று நாவலாக்கினார். வெள்ளையம்மாள் கதையில் கொலையாளி யார் என்பதில் ஐயமே கிடையாது, நோக்கத்திலும் கிடையாது. அது வீரத்தின் நினைவு. விசாரணைக்கு அங்கே இடமில்லை. சந்தா சாகிப் கொலையை அப்படி எழுத முடியாது. அங்கே நல்லவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. ஏமாற்றியவரே ஏமாற்றப்படுகிறார், கொன்றவரும் யாருக்கோ கருவியாக இருந்திருக்கலாம். நாட்டார் கதையின் தெளிவு போதாத இடத்தில்தான் நாவலின் வேலை தொடங்குகிறது.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதற்குத் தமிழில் ஒப்பற்ற உதாரணம் உண்டு. அதை எழுதியவருக்கும் திருச்சிக்கும் உறவு உண்டு. திருச்சி நேஷனல் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டுச் சிறை சென்றவர் கல்கி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைச் சுற்றியே சுழல்கிறது. அவர் கையில் இருந்த ஆதாரம் மிகக் கொஞ்சம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு. ராஜகேசரி ஒருவரின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அந்த ராஜகேசரி முதலாம் ராஜராஜன் என்றே பெரும்பாலோர் கொள்வார்கள். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் ஆகியோரைச் சுட்டி, அவர்கள் உறவினர் வரை நிலங்கள் பறிமுதலானதைச் சொல்கிறது அது. ஏன் கொன்றார்கள், எங்கே கொன்றார்கள், யார் சொல்லிக் கொன்றார்கள் என்பதற்கு ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. திருவாலங்காட்டுச் செப்பேடு அதைவிட மௌனம்: விண்ணுலகம் காணும் ஆசையால் ஆதித்தன் மறைந்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டு, சிற்றப்பன் உத்தம சோழனுக்கு அரசாசை இருந்தவரை, பின்னாளில் ராஜராஜனான அருண்மொழி அரியணையை விரும்பவில்லை என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மௌனத்தை முதலில் நிரப்பியவர் கல்கி அல்ல, வரலாற்றாசிரியர். 1935இல் வெளிவந்த ‘சோழர்கள்’ நூலில் நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழனுக்கு இந்தக் கொலையில் பங்கிருந்திருக்க வேண்டும் என்ற ஐயத்தை எழுப்பினார். உத்தமன் ஆட்சிக்காலம் முழுதும் குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை, ராஜராஜன் வந்தபின்தான் நடவடிக்கை என்பது அவர் வாதம். சதாசிவப் பண்டாரத்தார் இதை மறுத்தார். உத்தமன் கொலைகாரன் என்றால் அவனுக்கு அருண்மொழி அமைதியாக அரசை விட்டுக்கொடுத்திருப்பானா, குடிமக்கள் ஏற்றிருப்பார்களா என்று கேட்டார். கல்வெட்டும் தண்டனை எப்போது தொடங்கியது என்று சொல்லவில்லை. பறிமுதலான நிலம் கைமாறியதன் கணக்கையே சொல்கிறது. இரு பெரும் அறிஞர்களும் ஒரே சான்றிலிருந்து எதிரெதிர்த் திசையில் ஊகித்தார்கள். கல்கி இந்த இடத்துக்கு வந்தபோது என்ன செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. செம்பியன் மாதேவி வளர்த்த மதுராந்தகனை வேறொருவர் பிள்ளையாக்கி, பூமாலை கட்டும் சேந்தன் அமுதனையே உண்மையான உத்தம சோழனாக்கினார். அதாவது, வரலாற்று நூல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஒருவரை நாவல் இறக்கி விட்டது. இறந்தவர்மேல் நாவலாசிரியர்கள் பழி போடுகிறார்கள் என்று குறைசொல்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் நுட்பமானது கடம்பூர் மாளிகைக் காட்சி. ஆயிரக்கணக்கான பக்கங்கள் நம்மைக் கொண்டுவந்து சேர்த்த அந்த அறையில், கொலை நிகழும் கணத்தில், கல்கி விளக்கை அணைத்துவிடுகிறார். பிறகு வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தன் கைக்கத்தியே காரணம் என்கிறார். நந்தினி அந்த அறையில் இருந்தவள். ரவிதாசன் கூட்டம் சுரங்கவழியில் காத்திருந்தது. ஒருவர் வாக்குமூலம் இன்னொருவரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா, மெய்யா என்று வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சதி யாருடையது என்பதில் தெளிவையும் குத்து யாருடையது என்பதில் இருட்டையும் அவர் அருகருகே வைத்தார். கல்வெட்டு இதற்கு நேர் எதிராகக் கைகளுக்குப் பெயர் கொடுத்துக் காரணத்தை மறைத்தது. ஆனாலும் முழு உண்மை தன்னிடம் இருப்பதாகக் கல்கி காட்டிக்கொள்ளவில்லை. தனக்குத் தெரியாததை வாசகருக்கும் தெரியாததாகவே விட்டுவைத்த இந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். அவருக்குப் பின் வந்தவர்கள் பலர் அந்த இருட்டில் விளக்கேற்றவே முயன்றார்கள். பாலகுமாரனின் ‘கடிகை’ ஒரு விடை சொன்னது. காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ ஆதித்தனின் தங்கை குந்தவையின் பக்கமே விரலை நீட்டியது. விடை சொல்வது குற்றமல்ல. ஒரே கொலைக்கு இத்தனை நாவல்கள் இத்தனை விடைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றும் மற்றதற்குக் காவல் நிற்கிறது. எதுவும் தனியாக வரலாறு ஆகிவிட முடியாது.

ஆகிவிட்டதே என்று மறுப்பு வரும். வரவேண்டிய மறுப்புதான். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது, நந்தினி எங்கே வாழ்ந்தாள் என்று மெய்யாகவே தேடியவர்கள் இருந்தார்கள். பழுவேட்டரையர்களைச் சதிகாரர்களாகவே இன்று பலர் அறிவார்கள். ஆனால் பழைய திருச்சி மாவட்டத்தில் இருந்த, இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் மேலப்பழுவூர், கீழப்பழுவூர்க் கோயில் கல்வெட்டுகளில் அந்தக் குலத்தார் ராஜராஜன் ஆட்சியிலும் மதிப்போடு இருக்கிறார்கள். அரச குலத்து இளவரசனைக் கொல்லச் சதி செய்த குடும்பத்துக்கு அது பொருந்தாது. நாவல் இங்கே உண்மையான ஒரு குலத்தின் பெயரைக் கெடுத்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் இதற்கு மருந்து நாவலைக் குறைப்பது அல்ல, கல்வெட்டைக் கூட்டுவது. உடையார்குடி என்ற ஊர்ப்பெயர் இவ்வளவு வீடுகளில் தெரிந்திருப்பதே அந்த நாவலால்தான். பழுவூர்க் கோயில்களைத் தேடிப் பேருந்து ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கல்கியின் விரலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். வந்தவரிடம் கல்வெட்டு சொல்வது வேறு என்று காட்ட, அங்கே ஒரு தகவல் பலகையும் நல்ல தமிழில் ஒரு சிறு நூலும் இருக்க வேண்டும். அது தொல்லியல் துறையின் கடமை. கல்கியின் தலையில் அதைக் கட்ட முடியாது.

வெளியுலகில் இதே வழக்கு இன்னும் கடுமையாக நடந்திருக்கிறது. 1963இல் கென்னடி கொல்லப்பட்டதைப் பற்றி 1988இல் டான் டெலில்லோ ‘லிப்ரா’ என்ற நாவலை எழுதினார். 1991இல் ஆலிவர் ஸ்டோன் ‘ஜே.எஃப்.கே.’ என்ற படத்தை எடுத்தார். படம் சான்றுகளை வளைத்தது, இல்லாத உரையாடல்களைச் சேர்த்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் அந்தப் படம் கிளப்பிய கொந்தளிப்பால் 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, கொலை தொடர்பான அரசு ஆவணங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வழிசெய்தது. பொய் கலந்த ஒரு புனைவு மெய்யான காகிதங்களை வெளியே இழுத்தது. நம் நாட்டில் 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை வைத்து ஆர்.கே. செல்வமணி எடுத்த ‘குற்றப்பத்திரிகை’, தணிக்கையிலும் நீதிமன்றத்திலும் சிக்கி 2007இல்தான் திரைக்கு வந்தது. வழக்கு நடக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர்களின் உயிர் தீர்ப்பில் தொங்கும்போது, புனைவு பொறுத்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. உயிரோடிருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள நீதிமன்றம் போகலாம். அவரைப் பற்றி ஊகிப்பதற்கு எழுத்தாளர் கொடுக்க வேண்டிய விலையும் அதிகம். 270 ஆண்டுகளுக்கு முந்தைய கொலைக்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

வேறொரு தடையைச் சிலர் சொல்லக்கூடும். இந்துக் கோயில், முகமதிய நவாப், பொய்யாய்ப் போன குர்ஆன் சத்தியம். இதைக் கிளறினால் இன்றைய மதப் பகைக்குத் தீனி ஆகாதா என்பார்கள். கதையை முழுதாகச் சொல்லாமல் பாதி மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் தீனி. முழுதாகச் சொன்னால் அந்தப் பகையே குழம்பிப்போகும். மீனாட்சிக்கு எதிராக ஆற்காட்டாரை உள்ளே இழுத்தது நாயக்கர் வீட்டுப் பங்காளிச் சண்டை. சந்தா சாகிபின் எதிரி இன்னொரு முகமதிய நவாப். அவர் பக்கம் மைசூரின் இந்துத் தளவாயும் தஞ்சை மராட்டிய மன்னரும் கிறிஸ்தவ ஆங்கிலேயரும் நின்றார்கள். குர்ஆன் மேல் செய்த சத்தியத்தை ஒருவர் மீறினார் என்றால், உடைவாளின் மேல் செய்த சத்தியத்தை இன்னொருவர் மீறினார். நத்தர்வலி தர்காவில் சந்தா சாகிபின் சமாதியும் முகமது அலியின் சமாதியும் இன்று ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மதத்தை வைத்து இந்தக் கதையில் கட்சி கட்ட நினைப்பவர் முதல் அத்தியாயத்திலேயே வழி தவறிவிடுவார்.

இந்தக் காலத்தைத் தமிழ் நாவல் தொடாமல் இல்லை. சாண்டில்யனின் ‘ராஜபேரிகை’ கர்நாடகப் போர்களையே களமாகக் கொண்டது. பிரபஞ்சன், புதுச்சேரி துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஊன்றிப் படித்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகியவற்றை எழுதினார். பின்னது 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அவர் காட்டிய வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. ராஜாக்களின் வாள்வீச்சை ஒதுக்கிவிட்டு, துபாஷிகளும் தாசிகளும் நெசவாளிகளும் அந்த ஆட்டத்தில் எப்படி நசுங்கினார்கள் என்று பார்த்தார். 1752 ஜூன் மாதத்துக்கு அந்தக் கண் வேண்டும். இரண்டு படைகள் இரண்டு கோயில்களுக்குள் புகுந்துகொண்டபோது, பிராகார வீதிகளில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள், அரிசி எங்கிருந்து வந்தது, அன்றாடப் பூசை நடந்ததா? தூது போனவனும் பேச்சைப் பெயர்த்துச் சொன்னவனும் விலங்கு பூட்டிய கொல்லனும் என்ன கேட்டார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள்? சூத்திரதாரியின் காதோடு பேசியவர்கள் இவர்களே, ஆனால் ஆர்மின் நூலில் இவர்களுக்குப் பெயர் கிடையாது.

எழுத வருபவர் தேர்ந்துகொள்ள வேண்டிய மனம் மானோஜியுடையது என்பது என் துணிபு. மற்ற நால்வரும் தம் சார்பில் பேச ஆட்களை வைத்திருந்தார்கள்: லாரன்ஸுக்குத் தன் சொந்தக் குறிப்புகளும் ஆர்மும், முகமது அலிக்கு அரசவை வரலாறு, மைசூருக்கு அதன் வரலாற்றை எழுதிய வில்க்ஸ், பிரெஞ்சுக்காரர்களுக்குத் துய்ப்ளேயின் கடிதங்கள். பழி முழுதும் விழுந்த மனிதரின் வாய்மொழி மட்டும் நம்மிடம் இல்லை. சத்தியம் செய்தபோதே மீறும் எண்ணம் இருந்ததா, கூட்டாளிகளின் பேச்சு முறிந்த பிறகு வந்ததா? கைதியை நஞ்சராஜரிடம் கொடுத்தால் நவாபின் பகை, நவாபிடம் கொடுத்தால் மைசூரின் பகை, ஆங்கிலேயரிடம் கொடுத்தால் தஞ்சைக்கு எதுவுமே மிஞ்சாது. விடுவித்தாலோ 70 லட்சம் கேட்ட மனிதர் மறுபடி தஞ்சைக் கோட்டை வாசலுக்கு வரலாம். பிரதாப சிம்மரிடமிருந்து ஓலை வந்ததா, வரட்டும் என்று காத்திருக்க அவகாசம் இருந்ததா? அடுத்த ஆண்டே அரண்மனைப் பூசலில் மானோஜி பதவி இழந்தார், பின்பு மீண்டும் பெற்றார். ஆர்மின் கூற்றுப்படி சந்தா சாகிப் கடைசியாகக் கேட்டது, மானோஜியிடம் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும், அவரை வரச்சொல்லுங்கள் என்பதுதான். வெட்ட வந்தவன் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சொல்ல இருந்தது என்ன என்று வரலாற்றாசிரியர் எழுத முடியாது, எழுதவும் கூடாது. நாவலாசிரியர் அதற்கு மூன்று விடைகளை யோசித்து, மூன்றில் எதுவும் ஆவணங்களோடு மோதாமல் பார்த்துக்கொண்டு, எதை எழுதுவது என்று முடிவு செய்யலாம்.